குன்னூர் எலிகளும் ரேஷன் அரிசியும்

குன்னூர் பாஸ்டர் நிறுவன வளாகத்தில், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு எலிகளுக்குப் பந்தி போட்டார்கள். ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே தனித்தனிக் கூண்டு எலிகளுக்கு வைத்து வளர்த்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் வீட்டுச் சாப்பாடு. முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பருப்பு, பால், பச்சைக் காய்கறி, வாரம் ஒருநாள் கறி. மற்றவற்றுக்குப் பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி என்று வரிசையாக. கடைசியில் 'மதராஸி' சாப்பாடு. பலமுறை களைந்த தீட்டிய அரிசி, கொஞ்சம் பருப்பு, காய்கறி, தேங்காய், பேருக்கு மோர், சர்க்கரை போட்ட காபி.

வளர்ந்த எலிகளை நிறுத்துப் பார்த்தபோது சீக்கியச் சாப்பாட்டு எலியின் சராசரி எடை 235 கிராம். மதராஸிச் சாப்பாட்டு எலியின் எடை 155 கிராம். பட்டியலில் அதுதான் கடைசி இடம்.

இதைச் சப்பாத்திக்கும் சோற்றுக்கும் நடந்த போட்டியாகப் படித்தால் தவறாகிவிடும். 'போர்க்குடிகள்' என்று சில சமூகங்களைத் தூக்கிவைத்துப் பேசிய காலனிய காலத்து ஆய்வு அது. அந்த வாசனை அதில் உண்டு. எலிகளுக்கு இனமும் இல்லை, வீரமும் இல்லை. அவற்றுக்குத் தட்டு மட்டுமே வேறு. ஒரு தட்டில் பாலும் முழுத் தானியமும் இருந்தன. இன்னொன்றில் தவிடு போன அரிசியே தட்டை அடைத்திருந்தது. மெக்கரிசனுக்குப் பின் குன்னூர் ஆய்வகத்தை நடத்திய அய்க்ராய்டு, 1930-களில் விடுதிப் பிள்ளைகளின் அரிசிச் சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பால் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகளின் உயரமும் எடையும் கூடின. ஆக, கோளாறு பிறவியில் இல்லை, பந்தியில் இருந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. மதராஸித் தட்டு மட்டும் பெரிதாக மாறவில்லை. பசியை ஒழிப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம், அதில் சந்தேகமில்லை. ஆனால், பசியை ஒழித்த அதே அரிசியைக் கொண்டே சத்துக் குறைவையும் ஒழித்துவிடலாம் என்று அரசுகள் நம்பிக்கொண்டிருக்கின்றன. அது நடக்கிற காரியமில்லை. ரேஷன் கடையில் அரிசிக்கு இருக்கும் உத்தரவாதம் பருப்புக்கும், பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்றுக்கு இருக்கும் கவனம் காலைத் தட்டில் பயறுக்கும் முட்டைக்கும் கிடைத்தாக வேண்டும்.

வயிறு நிறைந்தால் போதுமா?

மனித உடலுக்கு வெளியிலிருந்து வந்தே தீர வேண்டிய சத்துகள் சுமார் நாற்பது. அவற்றைத் தானாகத் தயாரிக்க உடலுக்குத் தெரியாது. தெரிந்தாலும் போதுமான அளவுக்கு முடியாது. புரதத்தின் உறுப்புகளான அமினோ அமிலங்களில் ஒன்பது, கொழுப்பு அமிலங்களில் இரண்டு, வைட்டமின்கள் பதின்மூன்று, இரும்பு, கால்சியம், அயோடின், துத்தநாகம் போன்ற தாதுக்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தண்ணீரும் அதில் சேர்த்தி. இவற்றில் எது குறைந்தாலும் இன்னொன்றைக் கூடுதலாகச் சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது.

பசி என்பது பெரும்பாலும் எரிசக்தியின் கணக்கு. மூன்று கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டால் பசி அடங்கிவிடும். ரத்தத்தில் இரும்பு குறைந்திருப்பதையோ, நரம்புக்கு பி12 போதாமலிருப்பதையோ வயிறு கத்திச் சொல்லாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பிள்ளைக்குப் பாடத்தில் கவனம் நிற்காது, பிரசவத்தில் ரத்தப்போக்கைத் தாங்க முடியாமல் போகும். அப்போதுதான் விஷயம் வெளியே வரும்.

அரிசியில் புரதம் இல்லாமலில்லை. நூறு கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம் உண்டு. ஆனால், ஒன்பது அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் அதில் குறைவு. வீடு கட்டும் இடத்தில் செங்கல் மலைபோல் குவிந்திருந்தாலும் சிமென்ட் தீர்ந்த அன்று வேலை நின்றுவிடும். லைசின் தீர்ந்தால் புரத வேலையும் அப்படித்தான். பருப்பில் லைசின் தாராளம். அதில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. வெண்பொங்கலும் அடையும் இட்லியும் இந்த இரண்டையும் ஒரே வாயில் சேர்த்துவிட்ட சமையல். வேதியியல் படிக்காமலேயே நம் அடுப்படி இதைக் கண்டுபிடித்திருந்தது. ஆனால், பருப்பு விலை ஏற ஏற சாம்பார் நீர்த்துப்போகிறது, அடைக்குப் பதில் தோசை வருகிறது, தோசை மாவில் உளுந்து குறைகிறது. சேர்க்கை பெயரளவில் இருக்கிறது, அளவில் இல்லை.

தவிட்டோடு போனது

தட்டு நிறையச் சோறு இருந்தும் நோய் வரும் என்பதை உலகம் முதலில் கற்றுக்கொண்டது அரிசியிடமிருந்துதான். ஜாவாவின் ராணுவ மருத்துவமனையில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், 'பெரிபெரி' என்ற நரம்பு நோயின் கிருமியைத் தேடிக் கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோறு கோழிக்குக் கிடையாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. நோய்க்குக் காரணம் கிருமி அல்ல, தவிட்டோடு கழிந்துபோன ஏதோ ஒன்று என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. அதுதான் தையமின் எனப்படும் பி1 வைட்டமின். 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மெக்கரிசன் குன்னூருக்கு வந்ததும் இதே நோயை விசாரிக்கத்தான். 1918-இல் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே அறையில் 'பெரிபெரி விசாரணை' என்ற பெயரில் வேலை தொடங்கியது. அன்றைய சென்னை மாகாணத்தில் வட சர்க்கார் என்று அழைக்கப்பட்ட, இன்றைய கடலோர ஆந்திர மாவட்டங்களில் பெரிபெரி ஆட்டிப்படைத்தது. அதே அளவுக்கு அரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் தப்பித்துக்கொண்டன. வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தையமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. தீட்டிய பச்சரிசியில் இருப்பதைப் போல மூன்று மடங்கு அளவுக்கு தையமின் தீட்டிய புழுங்கலில் நிற்கிறது.

நெல் அவிக்கும் அண்டாக்கள் ஒரு மக்கள் கூட்டத்தையே நரம்பு நோயிலிருந்து காப்பாற்றியிருக்கின்றன. இப்படிக் காப்பாற்றிக் கொண்டுவந்த தையமினில் எவ்வளவு வீட்டில் மிஞ்சுகிறது என்பது வேறு கதை. பி வைட்டமின்கள் தண்ணீரில் கரையும். அரிசியை நான்கைந்து தண்ணீரில் பால்நிறம் போகக் களைந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றினால் அவை அந்த வழியே போய்விடும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த தலைமுறையும், கழுநீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிய தலைமுறையும் இதில் கொஞ்சமாவது வீட்டுக்குள் வைத்துக்கொண்டன.

பத்தில் ஒரு பங்கு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவரின் ஒருநாள் தட்டை இப்படி வகுக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கடலை, எள் போன்றவை 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். தானியத்திலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அறிக்கை. நடைமுறையில் 50 முதல் 70 சதவீதம் வரை தானியத்திலிருந்தே வருகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இந்தத் தட்டை ரேஷன் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். நான்கு பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 30 கிலோ தானியம் தேவை. ரேஷனில் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. அதே குடும்பத்துக்குப் பருப்பும் பயறும் மாதம் 10 கிலோவுக்குச் சற்று மேல் தேவை. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைப்பது ஒரு கிலோ துவரம்பருப்பு. பத்தில் ஒரு பங்கு. அசைவம் சாப்பிடும் வீடுகளில் முட்டையும் மீனும் பருப்பின் இடத்தை ஓரளவு நிரப்பும் என்று கணக்கைத் தளர்த்திக்கொண்டாலும் இந்த இடைவெளி மூடாது.

அந்த ஒரு கிலோவும் எப்போதும் நிச்சயமில்லை. ரேஷன் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். இயந்திரத்தில் விரல் ரேகை பதிகிறது, அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரசீது வருகிறது, பருப்பு என்று கேட்டால் "லோடு இன்னும் வரலம்மா, இருபதாம் தேதிக்கு மேல வாங்க" என்கிறார் விற்பனையாளர். வேலையை விட்டு இரண்டாம் முறை வர முடியாதவர்களுக்கு அந்த மாதப் பருப்பு போனது போனதுதான். 2024 மே மாதம் மாநிலம் முழுக்கவே பருப்பும் பாமாயிலும் தாமதமாகி, மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. அரிசிக்கு அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் எந்த ஆட்சியும் தாங்காது.

காரணம் சட்டத்திலும் இருக்கிறது, அரசியலிலும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ உணவு தானியத்தை உரிமையாக்கியது. பருப்பு அந்த உரிமைக்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் 2007-இல் தொடங்கிய துவரம்பருப்பும் பாமாயிலும் இன்றுவரை 'சிறப்பு' பொது விநியோகத் திட்டத்தில்தான் ஓடுகின்றன. ஒரு காலத்தில் ரேஷனில் கிடைத்த உளுத்தம்பருப்பு நின்றுபோனதும் அதனால்தான் எளிதாக இருந்தது. சத்தீஸ்கர் 2012-இல் இயற்றிய தன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பருப்பு வகைக்கும் அயோடின் உப்புக்கும் இடம் கொடுத்ததை இங்கே நினைவுபடுத்தலாம்.

நாடு தழுவிய பின்னணியும் ஒன்று உண்டு. 1961-இல் இந்தியாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 69 கிராம் பருப்பு வகைகள் கிடைத்தன. 2001-இல் அது 30 கிராம். பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் பாசனத்துக்கும் மானியத்துக்கும் கொள்முதலுக்கும் உள்ளே கொண்டுவந்தது. பயறு மானாவாரியில் தங்கிவிட்டது. பிறகு இந்த அளவு கொஞ்சம் ஏறினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கொழுத்த உடம்பு, வெளுத்த ரத்தம்

விளைவு என்ன என்பதை 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் தமிழ்நாட்டு அட்டவணையில் பார்க்கலாம். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல்பருமன். இரண்டையும் கூட்டினால் நூறைத் தொட ஆறுதான் பாக்கி. பல பெண்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இன்னொரு பக்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது.

கலோரி மிகுந்து, சத்து குறைந்தால் உடம்பு இப்படித்தான் ஆகும். பருமனாக இருப்பவரைப் பார்த்து "உனக்கென்ன, நல்லா சாப்பிடுற" என்று சொல்லும் வீட்டில் அவருக்கு ஹீமோகுளோபின் 9 என்பது பெரும்பாலும் மகப்பேறு மருத்துவமனையில்தான் தெரியவருகிறது.

அரிசிக்குள் இரும்பு

இதற்கு ஒன்றிய அரசு கண்ட வழி செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து, இயந்திரத்தில் அரிசி வடிவிலேயே பிழிந்தெடுத்து, நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலக்கும் முறை அது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் இதை அறிவித்தார். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே திருச்சி மாவட்டத்தில் சோதனை முறையில் தொடங்கியிருந்தது. 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை 2028 டிசம்பர் வரை திட்டத்தை நீட்டிக்க 17,082 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அரிசி களையும்போது சில மணிகள் மிதப்பதைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி' என்று கிளம்பிய பீதியில் உண்மையில்லை. அவை அரிசி மாவுதான்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நிர்ணயித்த அளவுப்படி, ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும். ஒருநாளில் கால் கிலோ அரிசி சாப்பிடும் பெண்ணுக்கு இதன் மூலம் 7 முதல் 10 மில்லிகிராம் கிடைக்கும். பரிந்துரைக்கப்பட்ட அளவு 29 மில்லிகிராம். உதவி உண்மையானதுதான். ஆனால் அந்த உதவியைப் பெற அவர் கால் கிலோ அரிசி சாப்பிட்டாக வேண்டும். எந்த அரிசியைக் குறைக்கச் சொல்லி ஊட்டச்சத்து நிறுவனம் மன்றாடுகிறதோ, அதையே மருந்தின் வாகனமாக்கியிருக்கிறோம்.

ரத்தசோகைக்கு இரும்பு மட்டுமே காரணமும் அல்ல. 2016-18 காலகட்டத்தில் குழந்தைகளிடம் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, விரல் நுனியில் குத்தி எடுக்காமல் நாளத்திலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தது. வளரிளம் பருவத்தினரில் 31 சதவீதம் பேருக்கு பி12 குறைவு என்று அதில் தெரிந்தது. பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சியில்தான். எந்தக் கீரையிலும் பருப்பிலும் இல்லை. தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கோ கூடுதல் இரும்பே தொல்லை. எல்லோருக்கும் ஒரே மணியில் ஒரே மருந்து என்ற ஏற்பாடு இந்த வேறுபாடுகளைப் பார்ப்பதில்லை. ஒரு முட்டையோ, ஒரு கரண்டி சுண்டலோ தரும் புரதமும் துத்தநாகமும் மற்ற பி வைட்டமின்களும் மூன்று சத்து செறிவூட்டிய அந்த மணியில் கிடையாது.

உப்பில் அயோடின் சேர்த்தது வென்ற கதை. அதை இங்கே யாரும் மறுக்கவில்லை. மண்ணிலேயே அயோடின் இல்லாத ஊரில் எதைச் சமைத்தாலும் அது வராது. அதனால் உப்பில் போட வேண்டியிருந்தது. இரும்பும் புரதமும் அப்படி அல்ல. அவை சந்தையில் இருக்கின்றன. வாங்கும் சக்தியும் விநியோகமும்தான் இல்லை.

கீரை, காபி, வாட்ஸ்அப்

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டு அடுப்படியை விட்டுவிட முடியாது. தாவர உணவின் இரும்பு உடம்பில் ஏறுவது கடினம். தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் டீயும் இன்னும் தடுக்கும். மாறாக, அதே சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால் இரும்பு ஏறும். கீரை மசியலுக்கு எலுமிச்சை பிழிவதும், ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்வதும், காபியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதும் காசு கேட்காத வைத்தியம். பயறை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்கும்.

பழைய சோற்றின் பெருமையும் இதில்தான் அடங்கியிருக்கிறது. சோற்றை இரவு முழுக்க ஊறவைத்தால் அதன் இரும்பு இருபது மடங்குக்கு மேல் பெருகும் என்ற கணக்கு வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் எந்த நுண்ணுயிரும் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. இருக்கும் கொஞ்சம் இரும்பு உடம்பில் ஏறுவது எளிதாகலாம், அவ்வளவே. தீட்டிய அரிசியில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பழைய சோற்றுக்கு வெங்காயமும் மிளகாயும் மட்டும் போதாது. பக்கத்தில் கருவாடோ, பயறுத் துவையலோ, முருங்கைக்கீரைப் பொரியலோ இருந்தால்தான் அது முழுச் சாப்பாடு.

கொஞ்சம் காசுள்ள வீடுகளில் ஏமாற்று வேறு வடிவில் வருகிறது. சர்க்கரை பெரும்பங்கு வகிக்கும் மால்ட் பவுடர்கள் பல பத்தாண்டுகளாகச் 'சத்து பானம்' என்ற பெயரில் பிள்ளைகளின் டம்ளருக்குள் போயின. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே இல்லை என்று கூறி, அந்தப் பெயரில் அவற்றை விற்கக் கூடாதென இணைய வணிக நிறுவனங்களுக்கு ஒன்றிய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில்தான் அறிவுறுத்தியது. டம்ளரில் இருந்த நல்ல பொருள் பால் ஒன்றுதான். அதற்குப் பவுடர் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

அரிசியில் கைவைத்தால் ஏழைகள் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1967-இல் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றிய மாநிலம் இது. பஞ்சமும் கஞ்சித் தொட்டியும் பார்த்த தலைமுறைக்கு அரிசி வெறும் தானியமல்ல, மானம். அதனால் அரிசியைப் பறிக்கும் பேச்சுக்கே இடமில்லை. வேண்டாதவர் மாற்றிக்கொள்ளும் உரிமைதான் வேண்டும். 20 கிலோவில் ஐந்து கிலோவை விட்டுக்கொடுக்க முன்வரும் குடும்பத்துக்கு அதே மதிப்பில் பருப்போ கொண்டைக்கடலையோ கேழ்வரகோ கொடுக்கலாம். இதற்கு முன்மாதிரியும் உண்டு. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கப்பட்டது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. களியும் கூழும் மறக்காத கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் இது ஏன் போகக் கூடாது?

பருப்பை 'சிறப்பு' என்ற அடைமொழியிலிருந்து விடுவித்து, ஒரு கிலோவை மூன்று கிலோவாக்குவது அடுத்த வேலை. துவரையையே நம்பினால் மியான்மரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் விலை ஏறும்போதெல்லாம் இங்கே கடை காலியாகும். காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குப் பின் மிஞ்சிய ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. புதுக்கோட்டை அருகே வம்பனில் பயறுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருந்து ரகம் ரகமாக விதை கொடுத்திருக்கிறது. நெல்லுக்கு ஊருக்கு ஊர் நேரடிக் கொள்முதல் நிலையம் திறக்கும் அரசு, அதே கட்டடத்தில் அறுவடைக் காலத்தில் பயறையும் வாங்கி, அதே மாவட்ட ரேஷன் கடைக்கு அனுப்பலாம். விவசாயிக்கு நெல்லைத் தவிர இன்னொரு உறுதியான வாடிக்கையாளர் கிடைப்பார்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது படிப்படியாக வளர்ந்து இன்று பள்ளி நாள்தோறும் ஒரு முட்டையாக நிற்கிறது. வேறு மாநிலங்கள் முட்டையைத் தட்டில் வைப்பதா வேண்டாமா என்று மதச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நாமக்கல் முட்டை இங்கே ஓசையில்லாமல் பிள்ளைகளுக்கு முழுமையான புரதமும் பி12-உம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் இந்தப் பாடத்தை இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பட்டியல் ரவையையும் சேமியாவையும் அரிசியையும் சுற்றியே வருகிறது. பருப்பு பெரும்பாலும் சாம்பாரில்தான். வாரம் இரண்டு நாள் பயறுச் சுண்டலும், ஒருநாள் கேழ்வரகுப் புட்டும் அதில் சேர்வதற்குப் புதிய சமையலறையோ புதிய ஆட்களோ வேண்டியதில்லை.

செலவு கூடும் என்று நிதித்துறை சொல்லும். கூடும்தான். ரத்தசோகைக்கு மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை, டயாலிசிஸ், காப்பீட்டுத் திட்டம் என்று அதே கருவூலத்திலிருந்து சுகாதாரத் துறை வழியாகப் போகும் பணத்தோடு இதைச் சேர்த்து யாரும் கணக்குப் போடுவதில்லை. வரும் பட்ஜெட்டின் உணவு மானியக் கோரிக்கையில் அரிசிக்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அச்சிட்டு, மாவட்டவாரியாக ரத்தசோகை விகிதத்தையும் பக்கத்திலேயே கொடுக்கட்டும். எந்த மாவட்டத்தில் எந்த மாதம் பருப்பு 'லோடு' வரவில்லை என்பதையும் சேர்த்தே கொடுக்கட்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக் கடையைப் பற்றிக் கேள்வி கேட்க அந்த ஒரு பக்கம் போதும்.